மலேரியா மருந்தின் மிச்சத்தில் பிறந்த குளிசை

சாகாமக் குளத்து நீர் பாயும் வயல்களை அண்டி வாழ்ந்தவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் குளோரோகுயின் குளிசையின் கசப்பு நன்றாகத் தெரியும். நடுக்கமும் காய்ச்சலுமாக ஒருவர் பாயில் விழுந்தால் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். அடுத்தது அந்தக் குளிசைதான். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். குளமும் காடும் வாய்க்காலும் சூழ்ந்த உலர்வலயத்தில் மலேரியா எட்டிப்பார்க்காத வீடு அந்நாளில் அரிது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தபோது, கசப்புக் குளிசைக்கு எங்கள் பக்கத்தில் வேலை முடிந்துவிட்டது.

ஆனால் அதன் வழிவந்த இன்னொரு குளிசை ஊரிலேயே தங்கிவிட்டது. சிப்ரொஃப்ளொக்சசின் என்பது அதன் பெயர், பாமசியில் சிப்ரோ. சிறுநீர்க் கடுப்புக்கும், இரத்தம் கலந்த வயிற்றோட்டத்துக்கும், ஆறாத புண்ணுக்கும், சில வேளைகளில் எந்தத் தேவையும் இல்லாத சளிக் காய்ச்சலுக்கும் அதை விழுங்குகிறோம். நரம்பும் தசையும் சந்திக்கும் மிகச் சிறிய இடம் ஒன்றில் அது செய்யக்கூடிய தீங்கை எங்கள் மக்கள் அறிந்திருக்கவேண்டும். அதற்காகத்தான் அதன் வரலாற்றை முதலிலிருந்து சொல்கிறேன்.

1934இல் ஜெர்மனியின் எல்பர்ஃபெல்ட் நகரில், பாயர் ஆய்வுகூடத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் என்ற இரசாயனவியலாளர் குளோரோகுயினை உருவாக்கினார். சிங்கோனா மரப்பட்டையில் கிடைக்கும் குயினைனுக்கு மாற்றாக ஒரு செயற்கை மருந்தைத் தேடியவர்களில் அவரும் ஒருவர். நஞ்சு கூடியது என்று முதலில் ஒதுக்கிவைக்கப்பட்ட அந்த மருந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகமெங்கும் போனது. அதைப் பெருமளவில் தயாரிக்கும்போது வேண்டாத ஒரு துணைப்பொருளும் சேர்ந்து உண்டானது. அமெரிக்காவின் ஸ்டெர்லிங்-விந்த்ரொப் நிறுவனத்தில் ஜோர்ஜ் லெஷரும் கூட்டாளிகளும் அந்த மிச்சத்தை ஆராய்ந்தார்கள். அதற்குப் பக்ரீரியாவை அடக்கும் ஆற்றல் கொஞ்சம் இருந்தது. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போய் 1962இல் நலிடிக்சிக் அமிலத்தை அறிவித்தார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அது உதவியது. 1980களில் தெற்காசியாவை உலுக்கிய ஷிகெல்லா இரத்தக்கழிச்சலில் மற்ற மருந்துகள் தோற்றபோதும் அதுவே கைகொடுத்தது.

பிறகு ஜப்பானின் கியோரின் நிறுவனம் அந்த அமைப்பில் ஒரு ஃப்ளோரின் அணுவைச் சேர்த்து நோர்ஃப்ளொக்சசினை உருவாக்கியது. வீரியம் பலமடங்கு கூடியது. அதே பாதையில் பாயர் நிறுவனத்தின் கிளவுஸ் குரோகே இன்னொரு மாற்றம் செய்தார், சிப்ரொஃப்ளொக்சசின் பிறந்தது. 1987இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. அதன் குளிசைக்கு அனுமதி கொடுத்தது. ஐம்பது வருடங்களில் மலேரியா மருந்து ஒன்றின் வழியில் உலகத்தின் மிகப் பெரிய அன்ரிபயோட்டிக்குகளில் ஒன்று வந்து சேர்ந்தது.

இலங்கைக்கு அது மலிவாக வந்ததற்கு இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் ஒரு காரணம். மருந்துப் பொருளுக்கு அல்லாமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே அந்தச் சட்டம் காப்புரிமை கொடுத்ததால், இந்தியக் கம்பனிகள் வேறு முறையில் அதே மருந்தைத் தயாரித்து விற்றன. இங்கே அதற்கு முன்பே பாதை வெட்டி வைத்திருந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் பின்னால் இருந்தவர் அவர். கம்பனி வைக்கும் வியாபாரப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் உண்மைப் பெயரால் வாங்கவேண்டும், எழுதவேண்டும், கொடுக்கவேண்டும் என்று போராடியவர். 1977இல் கயானாவில் இறக்கும்வரை அந்தக் கொள்கையை மற்ற ஏழை நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார். கல்முனையிலோ திருக்கோவிலிலோ அரச வைத்தியசாலையில் காசில்லாமல் கிடைக்கும் ஒவ்வொரு குளிசைக்குப் பின்னாலும் அந்த மனிதரின் உழைப்பு உண்டு.

பக்ரீரியா பெருகும்போது அதன் மரபுநூல் முறுக்கேறும். அந்த முறுக்கை அவிழ்க்க ஜைரேஸ் என்ற நொதியம் வேண்டும். சிப்ரோ அந்த நொதியத்தைக் கட்டிப்போடுகிறது. மரபுநூல் அறுந்து பக்ரீரியா சாகிறது. இதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். இனிச் சொல்லப்போவதைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

இப்போது தசைக்கு வருவோம். கண்ணை இமைக்கச் சொல்லி நரம்பு கட்டளையிடும்போது அதன் முனையிலிருந்து அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் சிந்துகிறது. தசையின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டதும் தசை சுருங்குகிறது. மயஸ்தீனியா கிராவிஸ் நோயில், கிருமியோடு சண்டை போடவேண்டிய உடலின் எதிர்ப்பொருள்கள் இந்த ஏற்பிகளையே தாக்கி அழிக்கின்றன. காலையில் நன்றாக இருப்பவருக்குப் பின்னேரமாகும்போது இமை சரியும். ஒன்று இரண்டாகத் தெரியும். சோறு பாதி மென்றதும் தாடை சோரும். பேச்சு மூக்கால் வரும். ஓய்வெடுத்தால் சீராகும், பிறகு மீண்டும் வரும். எங்கள் ஊர்களில் இதைக் களைப்பு என்பார்கள், கண்ணாடி மாற்றுவார்கள், கண்ணூறு என்று ஓதிப் பார்ப்பார்கள். இப்படிக் காலம் கடந்துபோவது எனக்குப் பெரிய வேதனை. ஏனென்றால் இது மருந்துக்கு நன்றாக வசப்படும் நோய். 1934இல் இலண்டன் கிரீனிச்சில் மேரி வோக்கர் என்ற மருத்துவர் ஃபைசோஸ்டிக்மினை ஊசியில் கொடுத்து, சரிந்த இமை சற்று நேரத்தில் எழுவதைக் காட்டினார். அந்த வழியில் வந்த பிரிடோஸ்டிக்மினைத்தான் இன்றும் நோயாளர் விழுங்குகிறார்கள்.

இந்த ஏற்பியைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு பாம்பு. வயல் வாடியில் நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரைக் கட்டுவிரியன் தீண்டினால், பல வேளைகளில் வலியே தெரியாது. விடியும்போது இமை திறக்காது, பிறகு மூச்சும் திணறும். காவலுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கட்டுவிரியனின் தாய்வான் இனம் ஒன்றின் விஷத்திலிருந்து 1963இல் சாங், லீ என்ற இரு ஆய்வாளர்கள் பங்காரோடொக்சின் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அது அசற்றைல்கோலின் ஏற்பியில் போய் விடாமல் ஒட்டிக்கொள்ளும். அதைக் கொண்டு ஏற்பிகளை எண்ண முடிந்தது. 1973இல் இரண்டு செய்திகள் வந்தன. மயஸ்தீனியா நோயாளரின் தசையில் ஏற்பிகள் மிகவும் குறைந்திருப்பதை அமெரிக்காவில் ஃபாம்ப்ரோவும் டிராக்மனும் காட்டினார்கள். மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஏற்றிய பற்றிக், லிண்ட்ஸ்ட்ரோம் இருவரும், அந்த முயல்கள் மயஸ்தீனியா போலவே தளர்ந்து விழுவதைக் கண்டார்கள். உடல் தன்னையே தாக்குகிறது என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

சுகமாக இருப்பவரின் தசையில் தேவைக்கு மேலதிகமாகவே ஏற்பிகள் உண்டு. நரம்பு சிந்தும் இரசாயனமும் தாராளம். சிப்ரோவும் அதன் இனத்தைச் சேர்ந்த லெவோஃப்ளொக்சசினும் இந்தச் சந்திப்பில் சிறிதளவு தடை போடுகின்றன. சுகதேகிக்கு அது உறைக்காது. மயஸ்தீனியா உள்ளவரிடம் மேலதிகம் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. சின்னத் தடையும் அவருக்குத் தாங்காது. இமை சரிவதோடு நின்ற நோய் தொண்டைக்கும் மூச்சுக்கும் இறங்கிவிடலாம். சிப்ரோ சந்தைக்கு வந்த மறுவருடமே, 1988இல், மருத்துவ இதழ்களில் இது பற்றிய எச்சரிக்கை வந்தது. பிற்பாடு எஃப்.டி.ஏ.வுக்கு வந்த முறைப்பாடுகளைத் தொகுத்தபோது, இந்த இன மருந்துகளை எடுத்தபின் மயஸ்தீனியா மோசமான 37 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களில் 11 பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. 2011இல், மிகக் கடுமையான எச்சரிக்கைக்கென ஒதுக்கப்பட்ட கறுப்புக் கட்டத்துக்குள் மயஸ்தீனியாவின் பெயர் ஏறியது. தசைநார் கிழிவு அதில் 2008இலேயே ஏறியிருந்தது. 2013இல் கைகால் நரம்புகள் நிரந்தரமாகப் பழுதாகலாம் என்ற எச்சரிக்கையும் வலுப்படுத்தப்பட்டது. 2016இல், வேறு மருந்து இருக்கும்போது சாதாரண சைனஸ், மூச்சுக்குழாய், சிறுநீர்த் தொற்றுகளுக்கு இந்த இனத்தைத் தொடவேண்டாம் என்று அதே நிறுவனம் அறிவுறுத்தியது.

இந்தக் குளிசையின் முன்னோரைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மயஸ்தீனியா உள்ளவர்களுக்குக் குயினைன் ஆகாது. குளோரோகுயினும் நோயைக் கிளப்பும். தலைமுறை மாறியும் இந்தக் குணம் மாறவில்லை. இதற்கு ஒரே இரசாயனக் காரணம்தான் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வேறு வம்சத்து அன்ரிபயோட்டிக்குகளிலும் இதே சிக்கல் உண்டு: ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின். டெலித்ரோமைசின் என்ற மருந்தால் நேர்ந்த ஆபத்துகளுக்குப் பிறகு 2007இல் அதை மயஸ்தீனியா நோயாளருக்குக் கொடுக்கவே கூடாது என்று தடுத்தார்கள். பெனிசிலின் வகைகள் பொதுவாகப் பாதுகாப்பானவை. இன்னொன்றையும் நேர்மையாகச் சேர்க்கவேண்டும். தொற்றே இந்த நோயைக் கிளறிவிடும். அதனால் மூச்சுத் திணறல் வந்தபோது காரணம் மருந்தா, மருந்து வாங்கவைத்த காய்ச்சலா என்று பிரித்தறிவது கடினம். மோசமாவது அரிதாகத்தான் நடக்கிறது. அரிது என்றாலும், நடக்கும் ஒருவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அப்படியானால் உடல் தன்னையே தாக்கும் இத்தகைய நோய்களை அன்ரிபயோட்டிக் உண்டாக்குகிறதா? கேள்வியை இரண்டாகப் பிரித்தால்தான் பதில் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள நோயைச் சிப்ரோ வெளியே இழுத்துவிடலாம். அதுவரை தெரியாமல் பதுங்கியிருந்ததையும் காட்டிக்கொடுக்கலாம். இல்லாத நோயைப் புதிதாகப் படைப்பது வேறு. மருந்தால் அதுவும் நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பெனிசிலின் உடைந்து கிடைக்கும் பெனிசிலமைன் கிருமியைக் கொல்வதில்லை. வில்சன் நோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்பட்டது. மூட்டுவாதத்துக்கு அதை எடுத்த சிலருக்கு எதிர்ப்பொருள்களோடு கூடிய அசல் மயஸ்தீனியாவே வந்தது. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு அது மறைந்தது. சிப்ரோ பற்றி அப்படியொரு நிரூபணம் இல்லை.

மூளையிலும் முள்ளந்தண்டிலும் நரம்புறையை உடலே அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. 2011இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். அந்த நோய் தானாகவே வரும்படி வளர்க்கப்பட்ட எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வைத்தபோது நோய் வரவில்லை. குடலில் சாதாரண பக்ரீரியாவைக் குடியேற்றியதும் வந்தது. குடலின் உயிர்களுக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்கிறது என்பது அந்த எலிகளில் உறுதியானது. அன்ரிபயோட்டிக் அந்த உயிர்களைக் குலைக்கும் என்பதும் தெரிந்ததே. மனிதரில் இதன் விளைவு என்ன? டென்மார்க்கில் அதே 2011இல் வெளிவந்த ஆய்வு, அன்ரிபயோட்டிக் எடுத்தவர்களிடம் நோய் சற்று அதிகம் என்றது. ஆனால் எந்த வகை எடுத்தாலும் அதே அளவுதான், ஆகவே காரணம் தொற்றாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 2006இல் பிரித்தானியாவில் பெனிசிலின் எடுத்தவர்களிடம் நோய் குறைவாகத் தெரிந்தது. எங்கள் வயல்காரர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் கொடுக்கும் டொக்சிசைக்கிளினின் நெருங்கிய உறவு மினோசைக்கிளின். 2017இல் கனடாவில், நோயின் முதல் அறிகுறி வந்தவர்களுக்கு அதையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் நோய் உறுதியானவர்கள் வெறும் குளிசை எடுத்தவர்களில் 61 வீதம், மினோசைக்கிளின் எடுத்தவர்களில் 33 வீதம். இரண்டு வருடத்தில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. அன்ரிபயோட்டிக் மூளை நோயைக் கொண்டுவரும் என்று பயமுறுத்துவோருக்கு இந்த ஆய்வுகளில் பிடிமானம் இல்லை. என் கணிப்பும் அதுதான்.

அன்ரிபயோட்டிக் கிடைக்காததால் வரும் நரம்பு நோயும் இருக்கிறது. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிக்கு எதிராகப் பிள்ளையின் உடல் செய்யும் எதிர்ப்பொருள் சில வேளை மூளையையே தாக்கும். கை தன்பாட்டில் ஆடும், எழுத்துக் கோணும், முகம் சுளிக்கும். சிடன்ஹாம் கொரியா என்பது அதன் பெயர்; மூட்டுவாதக் காய்ச்சலோடு வருவது. பிள்ளை வேண்டுமென்று சேட்டை செய்வதாக வகுப்பில் அடி வாங்கக்கூடும். இது திரும்ப வராமல் காப்பது மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் பென்சதீன் பெனிசிலின் ஊசி. அதை ஒருபோதும் தவறவிடக்கூடாது.

கோழியோடு வரும் நரம்பு நோய் இன்னொன்று. சரியாக வேகாத கோழியிறைச்சியில் இருக்கும் கம்பைலோபக்டர் வயிற்றோட்டத்தைத் தரும். அதன் மேலுறையும் எங்கள் நரம்பின் மேலுறையும் ஒரு சர்க்கரை அமைப்பில் ஒத்துப்போவதை ஜப்பானின் நோபுஹிரோ யூகி 1990களில் காட்டினார். கிருமியை அடிக்கப் புறப்பட்ட எதிர்ப்பொருள் நரம்பையும் அடிக்கிறது. காலில் தொடங்கி மேலே ஏறும் அந்த வாதம்தான் கில்லன்-பாரே. இங்கே சிப்ரோவின் இன்னொரு பயணம் குறுக்கிடுகிறது. அதன் சகோதர மருந்தான என்ரோஃப்ளொக்சசினைக் கோழிகளுக்குக் குடிநீரில் கலந்து கொடுத்ததால், சிப்ரோவுக்கு அடங்காத கம்பைலோபக்டர் பெருகியது. 2005இல் அமெரிக்கா கோழிகளுக்கு அதைத் தடை செய்தது. கோழிப்பண்ணைக்காரருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

மயஸ்தீனியா மூச்சைப் பிடிக்கும்போதும், கில்லன்-பாரே முற்றும்போதும் கொடுக்கும் மருந்து இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துச் சேர்ப்பது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் வற்றிய பிறகு, 2023இல் அந்தப் பெயரோடு அரச வைத்தியசாலைகளுக்கு வந்த குப்பிகள் தரமற்றவை என்று தெரியவந்தது. ஏற்றப்பட்ட நோயாளர் சிலருக்கு ஒவ்வாமை உண்டானது. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். வழக்கு நீதிமன்றம் சென்றது. தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். கடைசி நம்பிக்கையாக நாளத்தில் ஏறும் மருந்தில் விளையாட யாருக்கும் மனம் வரக்கூடாது என்று மட்டும் சொல்வேன்.

இவ்வளவு தூரம் பெயரோடு வந்த சிப்ரோ, எங்கள் ஊரில் கடைசி நாலு அடியில் பெயரை இழக்கிறது. டிஸ்பென்சரியில் அட்டையிலிருந்து வெட்டி, அல்லது போத்தலில் இருந்து எண்ணி, சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருகிறார்கள். உறையில் காலை, இரவு என்று கோடு இருக்கும். மருந்தின் பெயர் பெரும்பாலும் இருக்காது. "காக்கா, போன முறை தந்த அந்த வெள்ளைக் குளிசையில ஆறு தாங்க" என்று பிறகு கேட்கிறோம். வெள்ளைக் குளிசை நூறு இருக்கிறது. இமை சரிந்து மூச்சுத் திணறி அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைக்கோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கொண்டுபோகும் நேரத்தில், என்ன மருந்து எடுத்தார் என்று வைத்தியர் கேட்பார். உம்மாவோ மகனோ காலியான உறையைத்தான் நீட்டுவார்கள். மருந்தின் உண்மைப் பெயருக்காகப் பிபிலே பாடுபட்ட நாட்டில் இது நடக்கக்கூடாது.

வாசிக்கும் உங்களிடம் கேட்பது இவைதான். வைத்தியர் தந்த அன்ரிபயோட்டிக்கைப் பயந்து பாதியில் நிறுத்தவேண்டாம். துண்டு இல்லாமல் பாமசியில் வாங்கவும் வேண்டாம். பின்னேரத்தில் இமை சரிவது, பார்வை இரட்டையாவது, மெல்லும்போது சோர்வது எதுவானாலும் நரம்பியல் கிளினிக்குக்குப் போங்கள். மயஸ்தீனியா இருப்பது தெரிந்தவர் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதுவித்து, காய்ச்சலுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், எந்த வைத்தியரிடமும் முதலில் அதைக் காட்டுங்கள். குளிசை உறையைக் கையில் வாங்கும்போது, மருந்தின் பெயரை அதில் எழுதித் தரும்படி ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.